பர்மிட்: திறந்த வழியா, அரசுத் திட்டமா?

மன்னார்குடிப் பக்கம் ஒருவர் புது பஸ் விட பர்மிட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் அவருக்குச் சாதகம்: 80ஆம் பிரிவின்படி மனுவைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது. இந்தத் தாராளத்தை எதிர்த்துப் பழைய பஸ் முதலாளிகளே உச்ச நீதிமன்றம் போனார்கள். 1991இல் மிதிலேஷ் கார்க் வழக்கில் தோற்றார்கள். தொழில் செய்யும் உரிமை உண்டு. போட்டியே வரக்கூடாது என்ற உரிமை கிடையாது. வசூல் குறைவது அரசியலமைப்புப் பிரச்சினை ஆகிவிடாதே!

ஆறாம் அத்தியாயம் வேறு கதை. ஒரு வழித்தடத்தை அரசு பஸ்ஸுக்கென ஒதுக்கி அரசு திட்டமாக அறிவித்துவிட்டால், 98ஆம் பிரிவு அதற்கே முதலிடம் தரும். 104ஆம் பிரிவு திட்டத்துக்கு மாறான பர்மிட்டைத் தடுக்கும். அரசின் ஏகபோகத்துக்கு 1951இன் முதல் திருத்தத்தால் அரசியலமைப்பின், தொழில் உரிமைக்கு வரம்பு வைக்கும் 19(6)இல் இடம் கிடைத்தது. ஆனால் ஆட்சேபம் கேட்காமல் திட்டத்தை உறுதிசெய்ய முடியாது.

கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற நெரிசல் தடத்துக்கு எனக்கு முதல் வழியே பிடிக்கும். வேதாரண்யம் ஓரத்துக் கிராமத்துக்கோ, லாபம் பார்க்காத அரசு பஸ்தான் வந்து நிற்கும்.