குன்னூர்க் குளியலறையில் பூஞ்சை: நான்கு மழைக்கால அனுபவம்

குன்னூரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எங்கள் குளியலறை டைல்ஸ் இடுக்குகளில் கடுகு அளவில் கரும்புள்ளிகள் தோன்றும். கார்த்திகை முடிவதற்குள் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கறுத்த கோடுகளாகிவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பூசித் தேய்த்தேன். சுவர் உடனே வெளுத்தது, ஆனால் மூன்றே வாரங்களில் அதே இடங்களில் புள்ளிகள் திரும்பின. அடுத்து, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சிலர் பரிந்துரைத்தார்கள். அதைச் செய்யாதீர்கள்: இடுக்கிலுள்ள ஒயிட் சிமென்ட்டை ஆசிட் அரித்துவிடும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும்.

உண்மைக் காரணத்தைச் சுவரே காட்டிக்கொடுத்தது. சமையலறையை ஒட்டிய சுவரில் பூஞ்சை ஏறக்குறைய இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்த வெளிச்சுவரில்தான் எப்போதும் படர்ந்தது. ஒரே சிமென்ட், ஒரே சோப்பு, ஒரே துடைப்பு. வேறுபாடு சுவரின் குளிர்ச்சி மட்டுமே. கீசர் வெந்நீரின் ஆவி அந்தக் குளிர்ந்த டைல்ஸில் பட்டு நீராகி வடிந்து, நுண்துளைகள் நிறைந்த இடுக்கில் ஊறி, மறுநாள் குளிக்கும்வரை காயாமல் நின்றது. ஈரத்தை விட்டுவைத்துக்கொண்டு கறையை மட்டும் போக்கியதுதான் என் தவறு.

எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியும் முதல் மாதம் பயனில்லை, ஏனெனில் கதவு தரையோடு இறுக மூடியிருந்ததால் உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை. தச்சர் கதவின் அடியில் ஒரு விரல் அகலம் இழைத்துவிட்ட பிறகே ஆவி வெளியேறியது. குளித்து முடித்தபின் அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். வெளியே மூடுபனி இருந்தாலும் இது வேலை செய்கிறது, ஏனெனில் குளிர்ந்த காற்றில் அடங்கியிருக்கும் நீராவி வெதுவெதுப்பான அறைக்காற்றில் இருப்பதைவிடக் குறைவு. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரை வழித்து, பழைய பருத்தித் துணியால் இடுக்குகளை ஒற்றி எடுக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கமாயிற்று.

மூன்றாம் ஆண்டு, மழை ஓய்ந்த பிப்ரவரியில், வெளிச்சுவரின் இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பிசின் கலவை) போட்டோம். சுரண்டும்போது பழைய சிமென்ட் ஈரச் சுண்ணாம்பைப் போல விரலில் ஒட்டியது. உள்ளேயும் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது. எபாக்சி விலை கூடுதல். கலந்தால் விரைவில் இறுகுவதால் பழகிய கைதான் போட வேண்டும். ஆயினும் அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் ஊறாமல் முத்தாக நிற்கிறது. பழைய இடுக்கில் அந்தச் சொட்டு நொடியில் கறுத்து மறைந்துவிடும்.

நான்காம் மழைக்காலத்தில் அந்தச் சுவரில் கரும்புள்ளி இல்லை. சோப்புப் படிவில் எப்போதாவது பிடிக்கும் இளஞ்சிவப்புப் படலம் துணியால் துடைத்தாலே போய்விடுகிறது. சுவரும் தரையும் சேரும் மூலையில் பூசிய சிலிக்கோன் அடைப்புப் பசை மட்டும் மீண்டும் கறுத்திருக்கிறது. அதை வரும் பிப்ரவரியில் அறுத்தெடுத்து, மூலையை நன்கு உலரவிட்டுப் புதிதாகப் பூச இருக்கிறேன்.