டிஃபால்ட் மதிப்பை யார் நிரப்புவது: டேபிளா, கோடா, ட்ரிகரா?

எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருக்கும் பிஜி விடுதிகளுக்கு ஒரு பதிவேட்டு ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒருவர் சேரும்போது பெயர், அறை எண், வாடகையை மட்டும்தான் மேனேஜர் தட்டுவார். சேர்ந்த நேரம், நிலை, அட்வான்ஸ் எல்லாம் தானாக விழ வேண்டும்; இப்படி விழும் மதிப்புதான் டிஃபால்ட். பெங்களூரில் நம்ம ஆட்கள் டீக்கடையில் நின்று இதைப் பேசினால், 'எல்லாத்தையும் சேவ்-ல போட்டுடலாம் மச்சி' என்பதுதான் முதலில் வரும். அதாவது, பதிவைச் சேமிக்கும் கோடிலேயே எல்லாவற்றையும் நிரப்புவது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நேரமும் நிலையும், டேட்டாபேஸில் பதிவுகள் இருக்கும் டேபிளிலேயே டிஃபால்டாக இருக்கட்டும். ஆப் வழியாக வந்தாலும், யாராவது நேரடியாக இன்சர்ட் (புது வரி சேர்க்கும் கட்டளை) அடித்தாலும் மதிப்பு விழும். ஒரு வில்லங்கம் உண்டு: ஃபீல்டை இன்சர்ட்டில் குறிப்பிடாமல் விட்டால்தான் டிஃபால்ட் வேலை செய்யும். வெளிப்படையாக நல் (மதிப்பு இல்லை என்ற குறி) அனுப்பினால் நல்லே போய் உட்காரும். ஜாவா ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் ஹைபர்நேட் வழக்கமாக எல்லா ஃபீல்டையும் இன்சர்ட்டில் சேர்த்து, காலியானதற்கு நல் அனுப்பிவிடும். டிஃபால்ட் வைத்தும் விழவில்லை என்று பலர் முட்டிக்கொள்வது இங்கேதான். நாட் நல்லும் (நல்லை ஏற்காதே என்ற விதி) சேர்த்து வைத்தால் உடனே எரர் வரும், அதுவே நல்லது. ஆரக்கிள் டேட்டாபேஸின் 12சி பதிப்பில் இதற்கென்றே, நல் வந்தாலும் டிஃபால்டைப் போடும் 'டிஃபால்ட் ஆன் நல்' இருக்கிறது.

பெரிய டேபிளில் டிஃபால்டோடு ஃபீல்டு சேர்த்தால் முழு டேபிளும் திரும்ப எழுதப்படும் என்ற பயம் பழைய கதை. 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 11-ஆம் பதிப்பு முதல் நிலையான மதிப்புகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அட்வான்ஸ் வேறு ஜாதி. 'இரண்டு மாத வாடகை' என்பது இன்னொரு ஃபீல்டைப் பார்த்துக் கணக்கிடுவது. போஸ்ட்கிரெஸ் டிஃபால்டால் அது முடியாது. விடுதிக்கு விடுதி மாறும் விதி என்பதால் கோடில் இருப்பதே சரி. ஆனால் பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் சேவ்-ஐ மாற்றி எழுதினால், பல வரிகளை ஒரே அடியில் சேர்க்கும் பல்க் கிரியேட்டும், மாற்றும் அப்டேட்டும் அதைத் தொடாமலே போய்விடும். மொத்தமாக ஆள் சேர்க்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் அட்வான்ஸ் காலியாகவே நிற்கும். ஜாங்கோவின் வழக்கமான டிஃபால்டும் பைத்தானில்தான் வாழ்கிறது; டேபிளில் வைக்கும் வசதி 2023 டிசம்பரில் வந்த 5.0-வில்தான் கிடைத்தது.

ட்ரிகர், அதாவது வரி சேரும்போதோ மாறும்போதோ டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கோடு, நல்-ஐயும் பிடித்துத் திருத்தும். ஆனால் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆப் கோடைப் படிப்பவருக்குத் தெரியாது. கடைசியாக மாற்றிய நேரத்துக்கு மட்டும் நான் அதை ஒத்துக்கொள்வேன்: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், வரி மாறும்போது நேரத்தைத் தானே புதுப்பிக்கும் 'ஆன் அப்டேட்' இருக்கிறது; போஸ்ட்கிரெஸில் இல்லை, அதனால் அங்கே ட்ரிகர். அங்கேயும் பழைய பதிவுகளை மொத்தமாகத் திருத்தும் முன் ட்ரிகரை நிறுத்திவிடுங்கள்; இல்லையென்றால் எல்லா வரியிலும் இன்றைய தேதிதான் நிற்கும்.