வெள்ளத்தில் மூழ்கிய பிஎம்டபிள்யூவை என் தலையில் கட்டினார்கள்

செகண்ட் ஹேண்டில் சொகுசு கார் பார்ப்பவர்கள், அதிலும் சென்னை வண்டி பார்ப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2016 ஆகஸ்டில் கோவையிலிருந்து சென்னை போய், ஒரு டீலரிடம் 2012 மாடல் பிஎம்டபிள்யூ 520டி எடுத்தேன். மற்ற இடங்களில் பதினெட்டுக்குக் குறையாமல் கேட்டார்கள். இவர் பதினான்கரை லட்சத்துக்குக் கொடுத்தார். பெயின்ட் பளபளப்பு, புது மேட், தூக்கலான எலுமிச்சை வாசனை. "டாக்டர் வண்டி சார், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடிருக்கு" என்றார். அப்பாவை அதில் பழனிக்குக் கூட்டிப்போகும் ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. அப்புறம், நிறுத்தி வைத்த வண்டியில் கண்ணாடி தானாக இறங்க ஆரம்பித்தது. ராத்திரி பூட்டிவிட்டுப் போனால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். புதுசு போட்டேன், அதுவும் ஒரு வாரத்தில் படுத்தது. கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன் டிரைவர் சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் இருந்த ஃபோமைக் கையால் அழுத்தினார். பழுப்புத் தண்ணீர் அவர் விரலிடுக்கில் கசிந்தது. கனெக்டர்களில் பச்சைக் களிம்பு. பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்த அடிப்பகுதியில் சேற்றுக்கறை அப்படியே இருந்தது.

"2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல நின்ன வண்டி சார் இது."

இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. ஒயரிங் கட்டுகள் தரையோடு, கார்பெட்டுக்கு அடியில் ஓடுகின்றன. இன்ஜினைத் தொடாமல் கேபினுக்குள் தண்ணீர் புகுந்தாலே போதும், ஒயரிங் கெட்டுவிடும். களிம்பு மெதுவாகத்தான் பிடிக்கும் என்பதால் டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது. ஒயரிங்கும் மாட்யூல்கள் எனப்படும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டிகளும் மாற்ற எனக்குச் சொன்ன எஸ்டிமேட் நாலரை லட்சம்.

காகிதத்திலேயே எல்லாம் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. வண்டி ரிஜிஸ்டர் ஆனது செப்டம்பரில். இன்ஷூரன்ஸ் ஓடியதோ மார்ச்சிலிருந்து. வருஷா வருஷம் ரின்யூ ஆகிவந்த வண்டிக்குப் பாலிசி மாதம் ஏன் மாற வேண்டும்? இரண்டாவது ஓனர் பெயரும் 2016 மார்ச்சில்தான் ஏறியிருக்கிறது. வெள்ளத்தில் 'டோட்டல் லாஸ்' ஆன, அதாவது ரிப்பேர் கட்டுப்படியாகாது என்று கிளெய்ம் கொடுத்துப் பழைய பாலிசியை முடித்துவிட்ட வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் விட்டபோது எடுத்துக் கழுவி விற்றிருக்கிறார்கள். டீலரிடம் போய் நின்றால், டெலிவரி நோட்டை நீட்டினார்: 'வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.' கீழே என் கையெழுத்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே, அவற்றில் எத்தனை இன்று பாலிஷ் போட்டு நிற்கின்றனவோ! பழைய ஓனரின் பாலிசி காப்பியைக் கேளுங்கள், அந்தக் கம்பெனியில் கிளெய்ம் விவரம் விசாரியுங்கள். நான்கு பெல்ட்டையும் முழுசாக இழுங்கள். சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பெட்டைத் தூக்க விடமாட்டேன் என்றால் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

"நீங்களும் கழுவி வித்துடுங்க" என்று பலரும் சொன்னார்கள். இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. கோவை உக்கடத்தில் பழைய வண்டிகளைப் பார்ட்ஸுக்காகப் பிரிப்பவரிடம் உண்மையைச் சொல்லி, கிடைத்த விலைக்குக் கொடுத்தேன். பழனிக்கு அப்பாவும் நானும் பஸ்ஸில்தான் போனோம்.