கலிஃபோர்னியா கார் இன்சூரன்ஸ்: ஸ்டேட் மினிமம் எடுத்தா போதுமா? என் அனுபவம்

பே ஏரியால பல வருஷமா கார் ஓட்டுறேன், கம்பெனி மாறியாச்சு, ஒரு கிளெய்மும் பாத்தாச்சு. புதுசா வர்றவங்க எல்லாம் "எது சீப்பு?"ன்னுதான் கேக்குறாங்க, எவ்வளவுக்கு எடுக்கணும்னு யாரும் கேக்கறதில்ல.

நம்ம ஊர்ல தேர்ட் பார்ட்டி இருந்தா, அடிபட்டவங்களுக்கு கோர்ட் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்டணும், உச்சவரம்பே கிடையாது. அதே நினைப்புல இங்க "லயபிலிட்டி (நம்மால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு குடுக்குறது) இருக்கே"ன்னு இருந்துடாதீங்க. பாலிசில போட்டிருக்க தொகையோட கம்பெனி கைய கழுவிரும், மிச்சத்துக்கு உங்க சம்பளம், வீடுன்னு வருவாங்க.

2025 ஜனவரி 1-லருந்து இங்க சட்டப்படி லயபிலிட்டி மினிமம் 30/60/15. ஒருத்தருக்கு அடிபட்டா 30,000 டாலர், எத்தனை பேருக்கு அடிபட்டாலும் மொத்தம் 60,000, அடுத்தவங்க காரு, சுவரு, கேட்டு எல்லாத்துக்கும் சேத்து 15,000. அதுக்கு முன்னாடி 1967-லருந்து 15/30/5 தான்! இப்பவும் 15,000 பெரிய காசில்ல, 880 ஹைவேல ஒரு தடவ போனா சுத்தி ஓடுற காரெல்லாம் என்ன விலைன்னு தெரியும்.

இன்னொன்னு, "என்னோடது ஃபுல் கவரேஜ்"ம்பாங்க. லோன் குடுத்தவன் கேட்டான்னு கொலிஷன் (மோதல்ல நம்ம காருக்கு ஆகுற சேதத்துக்கு), காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, தீ மாதிரி மத்த சேதத்துக்கு) போட்டிருப்பாங்க, டிக்ளரேஷன் பேஜ (எந்த கவரேஜ் எவ்வளவுன்னு போட்டிருக்க பாலிசி பக்கம்) எடுத்து பாத்தா லயபிலிட்டி மினிமம்ல நிக்கும். அவங்க காருக்கு காசு வரும், எதிர்ல அடிபட்டவனுக்கு யாரு குடுக்கறது?

அன்இன்சூர்டு மோட்டாரிஸ்ட் கவரேஜ (இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சு நமக்கு அடிபட்டா நம்ம பாலிசியே குடுக்குறது) தயவுசெஞ்சு நீக்கிடாதீங்க, ஆன்லைன்ல வாங்கும்போது பிரீமியம் குறையுதேன்னு வேண்டாம்னு கையெழுத்து போட்டுடுறாங்க. சிக்னல்ல நின்னுட்டிருந்த எங்கள ஒருத்தன் பின்னாடி வந்து இடிச்சான், அவன் காட்டுன கார்டு எப்பவோ லாப்ஸ் ஆன பாலிசியோடது, வீட்டுக்காரிக்கு கழுத்துல அடி, பிசியோதெரபி மாசக்கணக்குல ஓடுச்சு, அதுக்கெல்லாம் எங்க பாலிசில இருந்த இந்த கவரேஜ்தான் குடுத்துச்சு. என்ன, அட்ஜஸ்டர (கிளெய்ம பாக்குற கம்பெனி ஆளு) போன்ல பிடிக்கறதுக்குள்ள தாவு தீந்துருச்சு, ஒரே பில்ல திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னாங்க. ஆக்சிடென்ட்ல யாருக்காவது அடிபட்டாலோ சேதம் 1,000 டாலர தாண்டினாலோ 10 நாளுக்குள்ள டிஎம்விக்கு (இங்கத்த ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி) எஸ்ஆர்-1ங்கற ஆக்சிடென்ட் ரிப்போர்ட் ஃபார்ம் அனுப்பணும், போலீஸ் வந்துட்டு போனாலும் இது தனி, பல பேருக்கு இது தெரியறதில்ல.

காருக்கு கொலிஷன் இல்லன்னா அன்இன்சூர்டு ப்ராப்பர்டி டேமேஜ்னு ஒன்னு இருக்கு, ஆனா 3,500 டாலர்தான் உச்சம், இடிச்சவன் யாருன்னோ அவன் வண்டி நம்பரோ தெரியணும், எதுவும் தெரியாம இடிச்சிட்டு ஓடிட்டான்னா கிடைக்காது. கொலிஷன் இருந்தா டிடக்டிபிள் (கிளெய்ம்ல முதல்ல நம்ம கைலருந்து போடுற காசு) வேய்வர் சேத்துக்கோங்க, இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சா அந்த காச நீங்க போட வேண்டியதில்ல.

நான் இப்ப வச்சிருக்கறது 100/300/100, அன்இன்சூர்டும் 100/300, டிடக்டிபிள் 1,000. மினிமத்துக்கும் இதுக்கும் எனக்கு வந்த வித்தியாசம் மாசம் ரெண்டு பேரு ஹோட்டல்ல டிபன் சாப்பிடுற காசு. வீடு வாங்கினவங்க அம்ப்ரெல்லா பாலிசியும் (கார் பாலிசி லயபிலிட்டி தீந்தப்புறம் அதுக்கு மேல குடுக்குறது) விசாரிங்க, ஆனா பெரும்பாலும் கார்ல 250/500 இருந்தாதான் தருவாங்க. அப்பா அம்மா ஊர்லருந்து வந்து கார்ல சுத்துவாங்கன்னா மெட்பே சேருங்க, தப்பு யாரோடதா இருந்தாலும் கூட வர்றவங்க ஆஸ்பத்திரி செலவுக்கு லிமிட் வரைக்கும் குடுக்கும்.

வேற ஸ்டேட்டுக்கு போறவங்க இதே கணக்க தூக்கிட்டு போகாதீங்க. நியூஜெர்சி, மிச்சிகன் நோ-ஃபால்ட் (தப்பு யாரோடதா இருந்தாலும் ஆஸ்பத்திரி செலவுக்கு அவங்கவங்க கம்பெனிதான் முதல்ல குடுக்கும்), அங்க அதுக்கு பிஐபின்னு தனி கவரேஜ், டெக்சாஸ்ல மினிமம் 30/60/25.