ஊர் கிளினிக்கா, மாவட்ட ஆஸ்பத்திரியா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கக் கர்ப்பிணிகளுக்கு இந்தக் கேள்வி வரும். ஊர் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் (ஊர் மருத்துவிச்சி) நிறை பார்ப்பார், இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோசா என்ற சத்துமாவும் கிடைக்கும். எனக்குப் பெரிதாகப் படுவது, பிள்ளை பிறந்த பின் அவர் வீட்டுக்கே வருவதுதான்: பால் குடிக்கும் விதம், தொப்புள், தாயின் முகவாட்டம் எல்லாம் அங்கேதான் பிடிபடும். 2, 4, 6 மாதத் தடுப்பூசிகளும் பக்கத்திலேயே முடியும். (பஸ்ஸுக்காகக் கைக்குழந்தையோடு வெயிலில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.)

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் வசதி உண்டு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரட்டைப் பிள்ளை என்றால் அங்கேதான். இரத்தம் போனாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவே கூடாது.

சரி, ஆஸ்பத்திரிக்கு மாறினாலும் ஊர்ப் பதிவை விட்டுவிடாதீர்கள். கர்ப்பகாலப் பதிவு அட்டையை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள்.