எதைப் போட, எதை வச்சுக்கிட: ஃபால்அவுட் 4, நான்கு ஆண்டு அனுபவம்

அம்பாசமுத்திரத்திலிருந்து அக்காள் மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, நலம்கூட விசாரிக்காமல், "மாமா, வெயிட்டு கூடிட்டு, ஓட முடியலை. எதைப் போட, எதை வச்சுக்கிட?" என்று கேட்டான். தள்ளுபடியில் விலை இறங்கியதும் ஃபால்அவுட் 4 என்னும் கணினி விளையாட்டை வாங்கியிருக்கிறான். இரண்டே மாலைகளில் அவன் வந்து சேர்ந்த இடமும் நான்கு ஆண்டுகளாக நான் நின்றுகொண்டிருக்கும் இடமும் ஒன்றுதான். அன்று அவனுக்குச் சொன்ன விடை போதவில்லை என்று எனக்கே பட்டது. காற்றாடி மாற்றுவதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்திருந்த மடிக்கணினியும் இப்போது திரும்பி வந்துவிட்டது. ஆகவே அவனுக்கும் அவனைப் போல் புதிதாகத் தொடங்குபவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 2077ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் விழுகின்றன. வால்ட் 111 என்னும் நிலவறையில் உறைய வைக்கப்பட்ட நாம் 210 ஆண்டுகள் கழித்து, 2287இல், பாஸ்டன் நகரத்தைச் சுற்றிய பாழ்நிலத்தில் கண் விழிக்கிறோம். 2015 நவம்பரில் வெளிவந்த விளையாட்டு இது; படங்களின் தரம், கணினிக்கு வேண்டிய வசதிகள் ஆகியவற்றைப் பற்றி இனி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் வசன வரிகள் இல்லை என்பதால், தொடங்கியவுடன் அமைப்புகளுக்குள் சென்று ஆங்கில வசன வரிகளை இயக்கிக்கொள்வது நல்லது. பேசுபவர்கள் நடந்துகொண்டே பேசுவார்கள். காதால் மட்டும் கேட்டால் பாதி நழுவிவிடும்.

இனி எடைக்கு வருகிறேன். நாம் சுமக்கக்கூடிய எடை, 200உடன் நம் வலிமைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பத்தைக் கூட்டினால் கிடைக்கும் எண். வலிமை மூன்று என்றால் 230. அதற்கு மேல் ஒரு பென்சிலை எடுத்தாலும் ஓட முடியாது. வரைபடத்தில் ஓர் ஊரைத் தொட்டு உடனே அங்கே போய்ச் சேரும் விரைவுப் பயணமும் முடியாது. இது மற்ற விளையாட்டுகளிலும் உள்ள விதிதானே என்று கேட்கலாம். ஆனால் இங்கே இது வேறு விதமாக உறுத்துகிறது. வரிசையின் முந்தைய பாகங்களில் மேசை மீது கிடக்கும் சாமான்கள் பெரும்பாலும் அலங்காரமாகவே இருந்தன. இந்தப் பாகத்திலோ உடைந்த மேசை விசிறியும், தட்டச்சுப் பொறியும், பழைய தொலைபேசியும், காலியான உணவுத் தட்டும் பிரித்தெடுத்து, வீடும் ஆயுதமும் செய்யத் தக்க பொருள்களாகிவிட்டன. நம் ஊர்க் காயலாங்கடையில் கிடக்கும் அத்தனையும் இங்கே செல்வம். எல்லாவற்றுக்கும் பயன் உண்டு என்று கற்றுக்கொடுத்துவிட்டு, எதையும் அள்ளாதே என்று கையைக் கட்டிப்போடுவதுதான் என்னை நான்கு ஆண்டுகளாக வாட்டுகிறது.

எங்கள் வீட்டுப் பரணில் அப்பா துருப்பிடித்த ஆணிகளையும் திருகாணிகளையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைத்திருப்பார். எப்போதாவது ஒரு கதவின் கீல் கழன்றால் அந்தப் புட்டி இறங்கும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் ஒரு பொருளை விட்டுவிட்டு வருவது எவ்வளவு கடினம் என்பது புரியும். ஆகவே மருமகனுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை, பொருளின் பெயரைப் பார்க்காதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார் என்பதே. தொடக்கத்தில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பவை ஒட்டுப்பசை, அலுமினியம், திருகாணி, மின்சுற்று ஆகிய நான்கும்தான். எஃகும் மரமும் நாம் கட்டியெழுப்பும் முதல் குடியிருப்பான சாங்சுவரியில் இடிந்து கிடக்கும் வீடுகளைப் பிரித்தாலே ஏராளமாகக் கிடைக்கும். அவற்றுக்காக ஒரு வாளியைக்கூடத் தூக்க வேண்டாம். மேசை விசிறியிலும் தட்டச்சுப் பொறியிலும் திருகாணி உண்டு. டக்ட் டேப் என்னும் ஒட்டும் துணிப் பட்டையில் பசை உண்டு. தொலைபேசியில் மின்சுற்று உண்டு. கையிலிருக்கும் பிப்-பாய் கருவியில் சாமான் பட்டியலைத் திறந்து, மூலப்பொருள் வாரியாகக் காட்டும் பக்கத்துக்குப் போய், வேண்டியதைக் குறியிட்டுவிட்டால், அந்தப் பொருள் அடங்கிய எந்தச் சாமானின் பெயருக்கு அருகிலும் ஒரு பூதக்கண்ணாடிக் குறி தோன்றும். இந்த ஒரு வசதியை நான் பல மாதங்கள் கழித்தே கண்டுபிடித்தேன். அதை முதல் நாளே தெரிந்துகொண்டவன் பாதிச் சுமையைக் குறைத்துக்கொள்வான்.

துப்பாக்கிகளை விடுவதற்குத்தான் மனம் வராது. வீழ்த்திய கொள்ளையர் ஒவ்வொருவரிடமும் குழாய்த் துப்பாக்கி ஒன்று இருக்கும். பத்துப் பேரை வீழ்த்தினால் பத்துத் துப்பாக்கி. அவற்றை விற்றால் கிடைக்கும் மூடிகள் மிகச் சொற்பம். (இங்கே நாணயம் பாட்டில் மூடிதான்.) எடையைக் கொண்டு விலையை வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண நிலையில் குண்டுகளுக்கும் மூடிகளுக்கும் எடையே இல்லை என்பதால் அவற்றை ஒன்றுகூட விடாமல் எடுக்கலாம். துப்பாக்கியைப் பிணத்திடமே விட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய வழி ஒன்று உண்டு. வணிகர்களிடம் 'ஷிப்மென்ட்' என்ற பெயரில் பசை, அலுமினியம் போன்ற மூலப்பொருள்கள் மொத்தமாக விற்பனைக்கு இருக்கும். வாங்கினால் கிடைப்பது ஒரு சீட்டு மட்டுமே. அதற்கு எடை கிடையாது. நம் குடியிருப்பின் பட்டறையில் அந்தச் சீட்டைப் போட்டதும் பொருள்கள் வந்து சேர்ந்துவிடும். தோளில் சுமப்பதற்குப் பதிலாகத் தாளில் சுமக்கும் முறை இது. ஆனால் அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத் தருவதுதான் இந்த விளையாட்டில் நான் எதிர்பாராமல் கண்ட மகிழ்ச்சி: தண்ணீர்.

சாங்சுவரியை ஓர் ஆறு சுற்றி ஓடுகிறது. அதில் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை வைத்து, கரையில் மின்னாக்கி வைத்துக் கம்பி இழுத்துவிட்டால், குடியிருப்பவர் குடித்தது போக எஞ்சிய தூய நீர் நாள்தோறும் பட்டறையில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை அடிக்கடி எடுத்து வேறொரு பெட்டியில் வைக்க வேண்டும். பட்டறையிலேயே தேங்கவிட்டால் வரத்து நின்றுவிடும். நீர்ப்புட்டி எடை குறைந்தது, விலை கூடியது. எந்த வணிகரும் மறுக்காமல் வாங்குவார். வணிகரிடம் மூடிகள் தீர்ந்துவிட்டாலும், தண்ணீருக்கு ஈடாக ஷிப்மென்ட் சீட்டுகளையே பண்டமாற்றாகப் பெறலாம். தாமிரபரணிக் கரையில் பிறந்த எனக்கு ஆற்றுநீரை அள்ளி விற்பதில் முதலில் ஒரு கூச்சம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அது நீதிமன்றம் வரை போன செய்தி. ஆயினும் பாழ்நிலத்தின் நடுவே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருப்பதும், அதை நம்பி ஓர் ஊர் மீண்டும் எழுவதும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கின்றன. மாலையில் அந்த இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டு பாலத்தின் மேல் சும்மா நின்ற நேரங்கள் எனக்கு உண்டு.

ஒட்டுப்பசைக்கும் இதே மண்ணில் வழி இருக்கிறது. சோளம் மூன்று, மட்ஃப்ரூட் என்னும் பழம் மூன்று, டேட்டோ என்னும் காய் மூன்று, தூய நீர் ஒரு புட்டி ஆகியவற்றைச் சமையல் அடுப்பில் சேர்த்தால் காய்கறிப் பசைமாவு கிடைக்கும். அதைப் பிரித்தால் ஐந்து அளவு ஒட்டுப்பசை. சுவரொட்டி ஒட்டக் கஞ்சி காய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் மனத்தில் நிற்கும். இந்த மூன்றையும் குடியிருப்பில் பயிரிட்டுவிட்டால், இடிந்த கட்டடங்களில் பசைப் புட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

தொடக்கப் புள்ளிகளை எப்படிப் பிரிப்பது என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். ஏழு பண்புகளும் ஒவ்வொரு புள்ளியுடன் தொடங்கும். மேலும் 21 புள்ளிகளை நாம் பகிர்ந்தளிக்கலாம். வலிமை 3, புலனுணர்வு 4, தாங்குதிறன் 3, வசீகரம் 6, அறிவு 6, சுறுசுறுப்பு 3, அதிர்ஷ்டம் 3. சுமக்க முடியவில்லை என்று புலம்புகிறவன் வலிமைக்கு மூன்று மட்டும் தருகிறானே என்று தோன்றும். ஒரு வலிமைப் புள்ளி பத்து அளவு எடைதான் தரும். வசீகரம் ஆறு இருந்தாலோ 'லோக்கல் லீடர்' என்னும் திறனைப் பெறலாம். அதன்பின் குடியிருப்புகளுக்கிடையே ஆளனுப்பிச் சரக்குப் பாதை அமைத்தால், ஓரிடத்தில் போட்ட மூலப்பொருளை எல்லா இடங்களிலும் பயன்படுத்தலாம். அதாவது எந்தக் குடியிருப்பு அருகில் இருக்கிறதோ அங்கே சுமையை இறக்கிவிட்டுப் போகலாம். பட்டறையில் ஒரே பொத்தானில் எல்லாச் சாமான்களும் இறங்கிவிடும். துப்பாக்கிகளும் கவசங்களும் இவ்வாறு பகிரப்படுவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். வசீகரம் மூன்றிலேயே கிடைக்கும் 'லோன் வாண்டரர்' திறன், துணையாள் இல்லாமல் திரிபவருக்குச் சுமக்கும் அளவில் ஐம்பதைக் கூட்டித் தருகிறது. ரெட் ராக்கெட் எரிபொருள் நிலையத்தில் நம்மோடு சேர்ந்துகொள்ளும் டாக்மீட் என்ற நாய் துணையாளாகக் கணக்கில் வராது. நாயின் முதுகிலும் கொஞ்சம் ஏற்றலாம், இந்தச் சலுகையும் நீங்காது. நம் பழைய வீட்டில் குழந்தையின் அறையில் கிடக்கும் சிறு புத்தகம் ஒரு புள்ளி தரும். அதை வலிமைக்கே கொடுத்துவிடலாம்.

கான்கார்டு ஊரில் அருங்காட்சியக மாடியில் கிடைக்கும் பவர் ஆர்மர் இரும்புக் கவசம் வலிமையைப் பதினொன்றாக்கும். அணிந்திருக்கும்வரை சுமை கவலை இல்லை. ஆனால் அதை இயக்கும் ஃப்யூஷன் கோர் என்னும் மின்கலம் தீர்ந்துகொண்டே வரும். அங்கே எதிர்ப்படும் டெத்க்ளா என்னும் கொம்பன் மிருகத்தை வீழ்த்தியதும் கவசத்தை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கோரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதே முறை. கழற்றாமல் விட்டால் வேறு யாரேனும் ஏறிக்கொண்டு போகலாம். நாம் தொடங்குவது வரைபடத்தின் வடமேற்கு மூலை. தெற்கும் கிழக்கும் போகப் போக எதிரிகள் கடுமையாவார்கள். பத்தாம் நிலையை எட்டும்வரை பாஸ்டன் நகரத்துக்குள் ஆழமாகப் போகாமலிருப்பது நல்லது.

நியாயமாகச் சொன்னால், இந்த எடை விதி இல்லாவிட்டால் விளையாட்டே நின்றுவிடும். வரம்பில்லாமல் அள்ள முடிந்தால் குடியிருப்புகள் தேவையில்லை, சரக்குப் பாதை தேவையில்லை, அந்த ஆற்றில் இயந்திரம் வைக்கவும் தேவையில்லை. எனக்கு மகிழ்ச்சி தந்த ஒவ்வொன்றும் அந்த எரிச்சலிலிருந்தே முளைத்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். நான்கு ஆண்டுகளில் வேறு எந்த விளையாட்டையும் இத்தனை முறை முதலிலிருந்து தொடங்கியதில்லை.

ஆனால் நேற்று நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கணினி வந்த மகிழ்ச்சியில் சர்வைவல் நிலையில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தேன். அந்த நிலையில் பசி, தாகம், களைப்பு மூன்றும் உண்டு. குண்டுகளுக்கும் எடை உண்டு. சுமக்கும் அளவோ குறைவு. விரைவுப் பயணம் கிடையாது. ஆட்டத்தைச் சேமிக்க ஏதேனும் ஒரு படுக்கையில் உறங்க வேண்டும். புதியவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ரெட் ராக்கெட்டில் உறங்கி எழுந்து, லெக்சிங்டனில் இருக்கும் கார்வேகா ஆலைக்குப் போய், அங்கிருந்த கொள்ளையர்களை இரண்டு மணி நேரம் போராடி வீழ்த்தினேன். திரும்பும்போது சுமை வரம்பைத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன அறிவுரைகள் அனைத்தும் எனக்குத் தெரியும். இருந்தும் மூன்று தட்டச்சுப் பொறிகளை விட மனமில்லாமல், ஓட முடியாமல், அடிமேல் அடி வைத்துக் கான்கார்டு வரை நடந்தேன். ரெட் ராக்கெட்டின் கூரை கண்ணில் பட்ட நேரத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. பேட்டரி இனித் தாங்காது என்று கடைக்காரர் காற்றாடி மாற்றும்போதே எச்சரித்திருந்தார். திரை உடனே இருண்டது. ஆலையும் போயிற்று, தட்டச்சுப் பொறிகளும் போயின. ஓட முடிந்திருந்தால் பத்து நிமிடம் முன்பே படுக்கையில் உறங்கியிருப்பேன்.

எனவே பத்துக்கு ஆறு. புகழ்ந்து எழுதியவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒன்பது வரக்கூடும். இன்றைக்கு ஆறுக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை. புதிய பேட்டரிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வந்துவிடும் என்கிறார்கள். வந்ததும் ரெட் ராக்கெட்டிலிருந்து மறுபடி கார்வேகாவுக்குப் போக வேண்டும்.