யூசர் கன்ட்ரோலா, கஸ்டம் கன்ட்ரோலா?

'இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை' என்று தேர்ந்தெடுக்க டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் திரைகள் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பு) ஒரு கன்ட்ரோல், அதாவது திரையில் வைக்கும் ஒரு பாகம், எழுதியிருந்தேன். அங்கே அதை இரண்டு விதமாக எழுதலாம்: தோற்றத்தையும் கோடையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் யூசர் கன்ட்ரோல், தோற்றத்தைத் தனியே வைத்து மற்றவர் மாற்ற விடும் கஸ்டம் கன்ட்ரோல். (2006-இல் வந்த டபிள்யூபிஎஃப்பை இன்னுமா கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காதீர்கள். அலுவலக மென்பொருள்கள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை.) என் திரைகளில் மட்டும் ஓடியவரை அது யூசர் கன்ட்ரோலாக நிம்மதியாக இருந்தது. பக்கத்து டீம்களும் கேட்க ஆரம்பித்த பிறகு இரண்டு மாதம் அப்படியே கொடுத்துப் பார்த்தேன். அப்புறம் கஸ்டம் கன்ட்ரோலாகத் திரும்ப எழுதினேன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எழுதும் வேகத்தில் யூசர் கன்ட்ரோலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸாமலும் (திரையமைப்பை எழுதும் மொழி) அதன் பின்னாலுள்ள கோடும் ஒரே இடத்தில் இருக்கும், டிசைனரிலும் உடனே தெரியும். கஸ்டம் கன்ட்ரோலின் தோற்றமோ தீம்ஸ் ஃபோல்டரில் ஜெனரிக்.ஸாமல் என்ற தனி ஃபைலில் கிடக்கும். அந்தத் தோற்றத்தைக் கன்ட்ரோலோடு இணைக்கும் டிஃபால்ட்ஸ்டைல்கீயை ஓவர்ரைடு செய்ய மறந்தால் திரையில் வெறும் காலியிடம்தான், எர்ரர்கூட வராது. இதில் எனக்கு அரை நாள் போனது. டிபென்டன்சி பிராப்பர்ட்டி (பயன்படுத்துபவர் வெளியிலிருந்து மதிப்பு வைக்கவும் இணைக்கவும் கூடிய பிராப்பர்ட்டி) எழுதும் சலிப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் தோற்றத்தை மாற்றும் வேலை யார் தலையில் விழுகிறது? நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். யூசர் கன்ட்ரோலில் அது என் தலையில் விழுந்தது. ஒரு டீமுக்கு இரண்டு பெட்டிகளும் மேலும் கீழுமாக வேண்டும், ஒரு பிராப்பர்ட்டி சேர்த்தேன். இன்னொரு டீமுக்கு அழிக்கும் பட்டன் கூடாது, இன்னொரு பிராப்பர்ட்டி. அம்புக்குறியின் நிறம், பெட்டிகளின் இடைவெளி என்று போய்ப் பதினான்கில் நின்றது. அதில் ஒன்றைத் தொட்டாலும் எல்லா டீமின் திரைகளையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

கஸ்டம் கன்ட்ரோலில், கேட்டவரே தன் ஸ்டைலில் டெம்ப்ளேட்டை (தோற்றத்தின் வரைவை) முழுதாக மாற்றிக்கொள்கிறார். எந்தெந்தப் பாகத்தை என் கோடு தேடும் என்பதை டெம்ப்ளேட்பார்ட் அட்ரிபியூட்டில் பார்ட் என்று தொடங்கும் பெயர்களால் சொல்லிவிடுகிறேன். பட்டன் வேண்டாதவர் டெம்ப்ளேட்டில் அதை வைக்காமல் விட்டால் போதும். ஆனால் இதற்கு என் பக்கம் ஒழுங்கு வேண்டும். டெம்ப்ளேட் பொருத்தப்படும்போது ஓடும் ஆன்அப்ளைடெம்ப்ளேட்டில் ஒவ்வொரு பாகமும் இருக்கிறதா, இல்லாமல் null ஆக வருகிறதா என்று பார்க்க வேண்டும், பழைய டெம்ப்ளேட்டின் ஈவென்ட்களைக் கழற்ற வேண்டும். முதல் பதிப்பில் இரண்டையும் நான் செய்யவில்லை, பட்டனை எடுத்த டீமின் திரை திறக்கும்போதே விழுந்தது.

யூசர் கன்ட்ரோல் மீது சொல்லப்படும் இன்னொரு புகாரில் எனக்கு முழு உடன்பாடில்லை. உள்ளே டேட்டாகான்டெக்ஸ்ட்டை (தரவை எங்கே தேடுவது என்று சொல்வது) திஸ், அதாவது அந்தக் கன்ட்ரோலே, என்று வைத்தால், பயன்படுத்துபவரின் பைண்டிங் (பிராப்பர்ட்டியைத் தரவோடு இணைக்கும் கட்டு) தன் திரைக்கான தரவு இருக்கும் வியூமாடலை விட்டு என் கன்ட்ரோலுக்குள் தேடித் தோற்கும். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் அதை உள்ளிருக்கும் கிரிடுக்கு மாற்றினால் சரியாகிவிடும், குற்றம் என்னுடையதுதான். பயன்படுத்துபவர் யூசர் கன்ட்ரோலின் டேக்குகளுக்கு நடுவில் எதையாவது வைத்தால் மொத்தத் திரையமைப்பும் அழிந்து அது மட்டும் நிற்குமே, அந்தக் குறை நிஜம்.

எதை எடுத்தாலும் ஒரு மெருகை விடாதீர்கள். கன்ட்ரோல் தன் பிராப்பர்ட்டியைத் தானே மாற்றும் இடங்களில் செட்கரென்ட்வேல்யூ போடுங்கள். சாதாரணமாக மதிப்பு வைத்தால் பயன்படுத்துபவரின் ஒன்வே பைண்டிங் (தரவிலிருந்து கன்ட்ரோலுக்கு மட்டும் போகும் இணைப்பு) சத்தமில்லாமல் அறுந்துபோகும். 'ஒருமுறை அழித்த பிறகு தேதி மாறவே மாட்டேன் என்கிறது' என்று எனக்கு வந்த புகாரின் காரணம் அதுதான்.

நான் கொடுத்தது ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் மூன்று டீம்களுக்கு. காசுக்கு வெளியே விற்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். ஸ்கிரீன் ரீடருக்கான ஆட்டோமேஷன்பியர் இந்த ஒரு கன்ட்ரோலுக்குத்தான் எழுதியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மாற்றியபோது பதினான்கு பிராப்பர்ட்டிகளில் ஐந்தைப் பழைய பெயரிலேயே வைத்துக்கொண்டேன். மீதியை நம்பியிருந்த இரண்டு டீம்களுக்கு டெம்ப்ளேட்டை நானே எழுதிக் கொடுத்தேன், ஒரு வாரம் பிடித்தது. மூன்றாவது டீம் இன்னும் பழையதிலேயே இருக்கிறது.